கிரைட்ஸ் ஊரின் மூத்தாள் வகையறா

காசம்மாளின் வலது காலில், பெருவிரலுக்கு அடியில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புண். நான்கு மாதமாக ஆறவில்லை. தினமும் காலை ஆறரைக்கு உஷாராணி அதைக் கழுவிக் கட்டுவாள். கட்டிவிட்டு ஏழேகால் பஸ்ஸைப் பிடித்துப் பிள்ளையார்குப்பத்து ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போவாள்.

காசம்மாள் அவளுக்குப் பெரியம்மா. அப்பா செல்லப்பனின் முதல் மனைவி. பத்து வருஷம் பிள்ளை இல்லாமல் போகவே செல்லப்பன் அருள்மொழியை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டார். உஷாராணி பிறந்தாள். பாகூர் ஏரிக்கு மேற்கே ஒரே மனையில் இரண்டு வீடு. தெருப்பக்கம் மூத்தாள் வீடு, பின்பக்கம் இளையாள் வீடு. கொரியர் கொண்டு வருகிறவர்கூட அப்படித்தான் விசாரிப்பார். கரும்பு லோடு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த செல்லப்பன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது.

இரண்டு பெண்களும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் பேசவில்லை.

"உங்கம்மாகிட்ட சொல்லு, மோட்டாரு ஓடிக்கினே இருக்குதுன்னு."

"நிறுத்தி அரமணி ஆவுதுன்னு சொல்லு."

இருவருக்கும் இடையில் பத்தடிகூட இருக்காது. உஷாராணி எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் நின்றால் போதும். இருபத்தைந்து வருஷமாக அவள் வீட்டில் செய்த வேலை அதுதான். அதனாலோ என்னவோ, தனக்கென்று பேச வேண்டிய இடத்தில் அவளுக்கு வாய் வராது.

பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று வருஷமாக அறுவை சிகிச்சை வார்டில் இருந்தாள். வேலையில் கை நடுங்கியதில்லை. ஜெர்மனிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்ததும், வில்லியனூரில் ஒரு தையல் கடை மாடியில் நடந்த ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தாள். எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். ஜெர்மன் மருத்துவமனைகள் வீடியோவில் நடத்திய இன்டர்வியூவில்தான் இரண்டு தடவை தோற்றாள். முதல் தடவை, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். பெயரைச் சொன்னாள், அதோடு சரி. இரண்டாம் தடவை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போனாள். கேள்வி கேட்ட அம்மாள் சிரித்துக்கொண்டே, இங்கே மழை, உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டாள். மழை மனப்பாடத்தில் இல்லை.

மூன்றாவது இன்டர்வியூதான் கடைசி. அதிலும் தேறாவிட்டால், நர்ஸுகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சி பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும். இந்தத் தடவை கிரைட்ஸ் என்ற சின்ன ஊரின் மருத்துவமனை. வருகிறவர்கள் அந்த ஊரின் சரித்திரத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

"எழுதி வச்சு நெட்டுரு போடாத, உஷா," என்றாள் வகுப்பு எடுக்கும் சுவேதா. உஷாராணியைவிட ஒரு வயது சின்னவள். "மொதல்ல தமிழ்ல யாருக்காவது கதையா சொல்லு. சும்மா தலையாட்டற ஆளு வாணாம். நடுநடுவுல குறுக்க பேசற ஆளா பாத்துப் புடி."

குறுக்கே பேசுகிற ஆளுக்கு உஷாராணி எங்கும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்த பெரியம்மாவின் காலில் பழைய கட்டைப் பிரித்தபடி ஆரம்பித்தாள்.

"ஜெர்மனியில கிரைட்ஸுன்னு ஒரு ஊரு, பெரிம்மா. ஆத்தங்கரை. நடுவுல ஒரு பாறை, பாறை மேல கோட்டை. அத ஆண்டவங்க ரொய்ஸுன்னு ஒரு குடும்பம்."

"கோட்டைய வுடு. எத்தினி பேரு?"

"நெறய பேரு. ஆனா ஆம்பளைங்க எல்லாருக்கும் ஒரே பேரு. ஹைன்ரிஷ்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். அண்ணன், தம்பி, சித்தப்பன், அவன் புள்ள, எல்லாரும் ஹைன்ரிஷ்தான். அந்தக் காலத்துல ஒரு சக்கரவர்த்தி பேராம். அவரு மேல மரியாதையில வச்சது, அப்படியே நின்னுபோச்சு."

"அய்ய, சோத்துக்கு எப்பிடிடி கூப்புடுவாங்க? அயின்ரிசுன்னா அம்பது பேரு தட்டத் தூக்கிக்கினு வந்துடுவான்."

"நம்பர் போட்டுக்கிட்டாங்க. ஒண்ணாம் ஹைன்ரிஷ், பத்தாம் ஹைன்ரிஷ், இருபத்திரெண்டாம் ஹைன்ரிஷ். எங்க வார்டுல பன்னெண்டாம் பெட், பதிமூணாம் பெட்டுன்னு சொல்லல, அந்த மாதிரி. நூறு வந்ததும் மறுபடியும் ஒண்ணுலருந்து."

காசம்மாள் சிரித்ததில் கால் ஆடியது. உஷாராணி குதிகாலைப் பிடித்துக்கொண்டு சலைனை ஊற்றினாள். வலியில் வழக்கமாக வரும் வசவு அன்றைக்கு வரவில்லை. அதைக் கவனித்துக்கொண்டாள். தினமும் ஒரு துண்டு கதை என்று ஆயிற்று.

அந்தக் குடும்பத்தின் ஆதி உத்தியோகம் ஃபோக்ட். சக்கரவர்த்திக்காக ஊரைப் பார்த்துக்கொள்கிற வேலை.

"மணியக்காரன்னு சொல்லு."

"ஆமா, அது மாதிரிதான்."

"மணியக்காரன் ராஜாவாயிட்டானா? நம்மூரு மணியக்காரன் ஏரி மீனத் தின்னதோட சரி."

மூன்றாம் நாள் பாகப்பிரிவினை வந்தது. ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்து நாலில் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. ஊரின் இணையப் பக்கத்தில் உஷாராணி படித்தது ஒரே வரி: மூத்த வகை, நடு வகை, இளைய வகை. அப்படியே சொன்னாள்.

"மூத்தாளு வகையறா, நடுவுளா வகையறா, இளையா வகையறா," என்று காசம்மாள் விரல் மடக்கினாள். "அடப்பாவி. மூணு கட்டியிருக்கான்."

உஷாராணி தலையசைத்தாள். அவள் எதையும் சரிபார்க்காமல் விடுகிறவள் இல்லை. மருந்துச் சீட்டில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவாள். ஆனால் இதில் சரிபார்க்க என்ன இருக்கிறது? மூத்தாள் வீட்டுக்கும் இளையாள் வீட்டுக்கும் நடுவே வளர்ந்தவளுக்கு அந்தச் சொற்களுக்கு வேறு அர்த்தம் தோன்றவே இல்லை.

"நடுவுளா கதை சீக்கிரமே முடிஞ்சிபோச்சு," என்றாள். "அம்பது வருஷத்துல வாரிசு இல்ல. மூத்தாளுக்குக் கிரைட்ஸ், இளையாளுக்குக் கேரான்னு பக்கத்து ஊரு. அதுலயும் அண்ணன் தம்பி மறுபடி மறுபடி பங்கு போட்டு, ஒரு காலத்துல பத்துத் துண்டு. ஒருத்தர் நாட்டுக்கு நடுவுல இன்னொருத்தர் நாடு."

காசம்மாள் நடுவுளாவுக்காக உச்சுக்கொட்டினாள். நாடு துண்டு துண்டானதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "இன்னா பெரிய அதிசயம்? நான் களையெடுக்கப் போன கழனி பாண்டி. வரப்புக்கு அந்தாண்ட தமிழ்நாடு. அதத் தாண்டுனா திரும்பவும் பாண்டி. ரெண்டு வெள்ளைக்காரன் பங்கு போட்டுக்கினான், நாம சோத்துக் கூடையத் தூக்கிக்கினு தாண்டிக்கினே கெடக்குறோம்."

அந்த நாளிலிருந்து அவள் மூத்தாள் கட்சி.

"எங்காளுங்க இன்னா ஆனாங்க?" என்றுதான் கட்டைப் பிரிக்கும்போதே கேட்பாள். அவளுக்கு மிகவும் பிடித்தவர் இருபத்திரெண்டாம் ஹைன்ரிஷ். கையகல நாட்டை வைத்துக்கொண்டு, பக்கத்தில் வளர்ந்துகொண்டே போன பிரஷ்யாவுக்குக் கடைசி வரை முகம் கொடுக்காத பிடிவாதக்காரர். "அதாண்டி மூத்தாளு ரத்தம்," என்பாள் காசம்மாள், பின்பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில். "சிறுசுன்னாலும் குனியாது."

பின்பக்கம் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழும்.

இருபத்திரெண்டோடு உஷாராணி கதையை நிறுத்திக்கொண்டாள். அதற்கு மேல் படித்துவிட்டிருந்தாள். அவருக்கு ஐந்து பெண்கள், ஒரே பையன். பையன் இருபத்து நாலாம் ஹைன்ரிஷ் சின்ன வயதில் ஒரு விபத்தில் பாதிக்கப்பட்டவன். பட்டம் அவனுக்கு வந்தது, ஆளத்தான் முடியவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் கல்யாணமாகாமல் செத்துப்போனான். மூத்த வகை அதோடு முடிந்தது. இளைய வகை இன்றைக்கும் இருக்கிறது.

பிள்ளையில்லாத பெரியம்மாவின் காலைக் கையில் வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? "அப்பறம் சொல்றேன் பெரிம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்பாள்.

அதேபோல இன்னொரு விஷயத்தையும் அவள் சொல்லவில்லை.

மாலையில் பின்பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, தன் காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, அம்மாவுக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பெருவிரலுக்கு அடியில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம்.

"மொதல்ல கை கழுவு. அப்பறம் விரல் இடுக்கப் பாரு. ஓரம் செவந்திருக்கா, தண்ணி விடுதா, வாடை வருதா. தேய்க்காதம்மா. ஒத்தி எடு."

"எல்லாம் நல்லாதான் கத்துக்கறேன்," என்றாள் அருள்மொழி. "அவ காலத் தொட வுடுவாளா? நான் போயி நின்னா ஒதைப்பா."

"ஒதைக்கற காலு புண்ணு வந்த காலு இல்ல. அந்தப் பக்கத்துக் காலு."

"கிண்டலு. நீ போறதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

"ஆமா."

"இன்னும் இன்டர்வியூவே ஆவல."

"ஆவும். மறுபடியும் கட்டு, இது லூசா இருக்குது."

அருள்மொழி மறுபடியும் கட்டினாள். பதினெட்டு நாளில் வார்டு நர்ஸ் அளவுக்குக் கட்டினாள்.

இன்டர்வியூ ஒரு புதன்கிழமை மதியம் இரண்டரைக்கு. பின்பக்கத்து வீடு தகரக் கூரை. வீடியோ கால் நிற்காது. தெருப்பக்கத்து வீட்டு ஜன்னலோரம்தான் சிக்னல் முழுதாக வரும். ஆகவே மூத்தாள் வீட்டில், அரிசி டின்னில் செல்போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். எதிரே கட்டிலில் காசம்மாள், காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு. படத்தில் விழமாட்டாள்.

"பெரிம்மா, பேசக் கூடாது. இருமக்கூட கூடாது."

"நான் ஏண்டி பேசறேன்? எனக்கு இன்னா அவ பாஷையா தெரியும்?"

திரையில் வந்தவள் ஃப்ராவ் டீட்ஸ், அதாவது டீட்ஸ் அம்மாள், அந்த மருத்துவமனையின் தலைமை நர்ஸ். ஐம்பது வயதிருக்கும், வெட்டிய நரைமுடி. பக்கத்தில் ஒரு இளைஞர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்லி முடித்ததும், ஆரம்பிக்கலாம் என்றாள்.

உஷாராணி ஆரம்பித்தாள். முதல் நிமிடம் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது. பாறை, கோட்டை, ஃபோக்ட். பிறகு பெரியம்மா சிரித்த இடங்கள் வந்தன. அங்கே அவள் வேகமும் தானாகக் குறைந்தது. எண் போட்ட ஹைன்ரிஷ்களை வார்டுப் படுக்கைகளுக்கு ஒப்பிட்டபோது ஃப்ராவ் டீட்ஸ் வாய்விட்டுச் சிரித்தாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்து நாலில் நாடு மூன்றாகப் பிரிந்தது," என்றாள் ஜெர்மனில். "முதல் மனைவியின் பிள்ளைகளுக்குக் கிரைட்ஸ் கிடைத்தது. மூன்றாவது மனைவியின் பிள்ளைகளுக்கு—"

"ஒரு நிமிடம்," என்றாள் ஃப்ராவ் டீட்ஸ். "மனைவிகளா? எந்த மனைவிகள்?"

"மூத்த வகை. இளைய வகை."

"அவர்கள் சகோதரர்கள், உஷாராணி. மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவனின் வம்சம் மூத்த வகை, கடைசித் தம்பியின் வம்சம் இளைய வகை. மனைவிகள் என்று உங்களுக்கு எங்கே கிடைத்தது?"

உஷாராணிக்குக் காதுகள் சூடாயின. திரையில் தன் முகம் சின்னச் சதுரத்தில் அசையாமல் இருப்பதைப் பார்த்தாள். மழையைப் பற்றிக் கேட்ட அன்றைக்கும் இதே முகம்தான். குறிப்பெடுக்கிறவர் தலைநிமிர்ந்தார். ஐந்து விநாடி ஆயிற்று. பத்து.

"இன்னாடி?" என்றது கட்டில். "இன்னா கேக்கறா அவ? எதுக்கு முழிக்கிற?"

"பெரிம்மா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"யாரது?" என்று கேட்டாள் ஃப்ராவ் டீட்ஸ்.

யாரது. இதுவும் மனப்பாடத்தில் இல்லை. ஜெர்மனில் பெரியம்மாவுக்குச் சொல் உண்டா என்று உஷாராணி தேடினாள். கிடைக்கவில்லை. பட்டியலில் இருந்து தன் பெயரை ஒருவர் கோடு போட்டு அடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று நினைத்தாள். இன்றைக்கு நான் வாயை மூடப்போவதில்லை. தப்பாகவாவது பேசுவேன்.

"அது என் அப்பாவின் மூத்த வகை," என்றாள்.

ஃப்ராவ் டீட்ஸ் புருவத்தை உயர்த்தினாள்.

"என் அப்பாவுக்கு இரண்டு மனைவிகள். எங்கள் மனையில் இரண்டு வீடுகள். முன்னால் இருப்பதை மூத்தவள் வீடு என்போம், பின்னால் இருப்பதை இளையவள் வீடு என்போம். நான் இளையவளின் பெண். மூத்த வகை, இளைய வகை என்று உங்கள் ஊர்ப் பக்கத்தில் படித்ததும், எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. அதனால் அகராதியைப் பார்க்கவில்லை. அது என் தப்பு. இந்தக் கதையைத் தினமும் காலையில் இவர்களுக்குத்தான் சொன்னேன். இவர்களும் நடு மனைவிக்காக வருத்தப்பட்டார்கள்."

இந்த முறை குறிப்பெடுக்கிறவரும் சிரித்துவிட்டார். ஃப்ராவ் டீட்ஸ் மட்டும் சிரிக்கவில்லை, முன்னால் சாய்ந்தாள்.

"ஏன் தினமும் காலையில்?"

"அவர்கள் காலில் புண். சர்க்கரை. கட்டுப் போடும்போது சொல்வேன்."

"என்ன புண்? சொல்லுங்கள்."

பிறகு நடந்ததை உஷாராணி பேச்சு என்று நினைக்கவே இல்லை. வார்டில் டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பது போலச் சொன்னாள். எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எத்தனை ஆழம். ஓரம் கெட்டித்திருந்ததை எப்போது எடுத்தார்கள், இப்போது அடியில் சிவந்த புதுச் சதை எவ்வளவு வந்திருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுத்தது, பெரியம்மா அதைப் போடாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைப்பது. ஃப்ராவ் டீட்ஸ் இடையிடையே கேட்டாள், அவள் சொன்னாள். இரண்டு இடத்தில் இலக்கணம் உடைந்தது. நிற்காமல் போனாள்.

"நீங்கள் இங்கே வந்துவிட்டால் அந்தக் காலை யார் பார்ப்பார்கள்?"

"இளைய வகை," என்றாள் உஷாராணி. "என் அம்மா. பதினெட்டு நாளாகக் கற்றுக்கொடுக்கிறேன். உங்கள் ஊரிலும் அப்படித்தானே நடந்தது? இருபத்து நாலாம் ஹைன்ரிஷால் ஆள முடியாதபோது, இளைய வகைதான் வந்து அவர் பெயரில் கிரைட்ஸைப் பார்த்துக்கொண்டது. அவர்கள் சகோதரர்கள் என்று எனக்குத் தெரியாதே தவிர, இது தெரியும்."

ஃப்ராவ் டீட்ஸ் தலையசைத்தாள்.

"மூத்த வகை முடிந்துபோனது என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டீர்களா?"

"இல்லை."

"அம்மா கட்டுப்போடக் கற்றுக்கொள்வதை?"

"அதையும் இல்லை."

"இங்கே வருவதற்கு முன்னால் இரண்டையும் சொல்லிவிடுங்கள்," என்றாள் ஃப்ராவ் டீட்ஸ். "ஏப்ரலில் வந்து சேருங்கள். இங்கே அப்போதும் குளிரும். நல்ல காலணி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்காதீர்கள்."

திரை அணைந்தது. உஷாராணி அரிசி டின்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சொன்னா?" என்றாள் காசம்மாள்.

"வரச் சொல்லிட்டாங்க."

கட்டில் கிறீச்சிட்டது.

"ஓஹோ," என்றாள் காசம்மாள். "போயிட்டு வா. நான் இன்னா, புழு வச்சாலும் கேக்க நாதியில்ல."

உஷாராணி எழுந்து போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் காலருகே உட்கார்ந்தாள்.

"மீதிக் கதையச் சொல்றேன், கேளு. மொதல்ல, அவன் மூணு கட்டல. அண்ணன் தம்பி மூணு பேரு. நாமதான் தப்பா நெனச்சுட்டோம்."

"போடி. அப்ப மூத்தாளே இல்லியா?"

"மூத்த அண்ணன் வகையறா இருந்துச்சு. அது முடிஞ்சிபோச்சு, பெரிம்மா. இருபத்திரெண்டோட புள்ளைக்கு ஒடம்பு முடியல. அவனோட போச்சு."

காசம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். "அதான் இத்தினி நாளா பஸ்ஸுக்கு நேரமாச்சா?"

"ஆமா."

"அந்தப் புள்ள ஒடம்பு முடியாம இருக்கசொல்ல ஊர யாரு பாத்தது?"

"இளைய வகையறா வந்து பாத்துக்கிச்சு. அவன் பேருலயேதான் பாத்தாங்க. ராஜான்னு அவனத்தான் சொன்னாங்க."

"அவன் வுட்டானா?"

"விட்டான்."

காசம்மாள் தன் காலைப் பார்த்தாள். பிறகு உஷாராணியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினெட்டு நாளாகப் பின்பக்கத்து வீட்டில் மாலையில் கதவு சாத்துவதை அவள் கவனிக்காமல் இருந்திருப்பாளா?

வாசலில் நிழல் விழுந்தது. அருள்மொழி வந்து நின்றிருந்தாள். முடிவு என்ன ஆயிற்று என்று கேட்க வந்தவள், படி ஏறாமல் வெளியிலேயே நின்றாள். அந்த வாசற்படியை அவள் ஏறியதே இல்லை.

காசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்கம்மாகிட்ட சொல்லு, நாளைக்கு ஆறரைக்கு வரணும்னு. நேரம் தப்புனா காலக் காட்ட மாட்டேன்னு சொல்லு."

அருள்மொழி உஷாராணியைப் பார்த்தாள். "வர்றேன்னு சொல்லு."

வழக்கம்போல இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள் உஷாராணி. எழுந்தாள். ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தினாள். தானும் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். இப்போது கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே யாரும் இல்லை.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஏப்ரலுக்கு அப்பறம் நான் இங்க இருக்க மாட்டேன். நீங்களே பேசிக்குங்க."

"திமிரப் பாரு," என்றாள் காசம்மாள்.

"பாரேன்," என்றாள் அருள்மொழி.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. இருவரும் திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். தெருவில் ஒரு கரும்பு டிராக்டர் போயிற்று. அதன் சத்தம் ஏரிக்கரை திரும்பி ஓயும் வரைக்கும் உஷாராணி அசையவில்லை. எத்தனை நேரமானாலும் நிற்பதாக இருந்தாள்.

காசம்மாள் தொண்டையைச் செருமினாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, செருப்பைத் தேடி வெளியே இழுத்தாள். பேசும்போது அந்தச் செருப்பைத்தான் பார்த்தாள்.

"ஏய், அருளு. அங்கியே நின்னுக்கினு இருக்கறியே, உள்ள வாயேன்."